ஸ்ரீகண்டனும் நிற்காத த்ரெட்டும்

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்துவிட்டால் எங்கள் ஆபீசில் பாதிப் பேருக்கு வேலை ஓடாது. மேசைக்கு அடியில் பை தயாராக இருக்கும். கோயம்புத்தூர், வேலூர், மதுரை என்று ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர், ஒரு பஸ். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்த எனக்குப் போவதற்கு என்று ஓர் ஊர் கிடையாது. அந்த வயிற்றெரிச்சலில், "இந்த யூனிஸ் உங்க பையைச் செக் பண்ணாம யாரும் கீழே இறங்கக் கூடாது, ஆபீஸ் டீத்தூள் குறையுது" என்று கிண்டல் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எல்லாருக்கும் முன்னால் எழுந்து போகிறவர் ஸ்ரீகண்டன். ஆபீஸ் பொம்மசந்திராவில் இருந்ததால் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகமாட்டார். ஓசூர் ரோட்டு ஓரத்தில் நின்று சேலம் பஸ்ஸுக்குக் கை காட்டுவார். நின்றால் ஏறுவார். நிற்காமல் போனால் அடுத்ததற்குக் காத்திருப்பார். நிற்காத பஸ்ஸை அவர் ஒரு வார்த்தை திட்டி நான் கேட்டதில்லை. நானாக இருந்தால் கல்லை எடுத்து வீசியிருப்பேன்.

அவர் பெங்களூருக்கு வந்தது 1991-இல். மனைவி ரமாவுக்குச் சேலத்தில் பேங்க் வேலை. மகள் இளவேனிலுக்கு அப்போது நாலு வயது. ஆறு மாதம் இருந்து பார்ப்போம், பிடித்தால் எல்லாரும் போய்விடலாம் என்று பேச்சு. அந்த வருஷக் கடைசியில் காவிரிக் கலவரம் வந்தது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு இங்கே வர ரமா பயந்தாள். பயப்படாதவர்கள் யார்? பிறகு கலவரம் ஓய்ந்தது. ஆனால் ரமாவுக்கு மாநிலம் விட்டு மாநிலம் மாற்றல் கிடைக்கவில்லை. பிறகு கிடைக்கும்போல் இருந்தது, அப்போது இவருக்கு ஒரு புராஜெக்ட். இப்படியே வருஷம் ஓடியது. மடிவாளாவில் ஓர் அறை, ஒரு ஸ்டவ், வெள்ளிக்கிழமை பஸ். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பும் பஸ். அவ்வளவுதான் அவர் குடித்தனம்.

நான் அந்தக் குழுவில் சேர்ந்தது 1998-இல். எங்கள் வேலை என்ன என்று என் அம்மா டோரதி கேட்டபோது, வீடு பெருக்குகிற வேலை என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஒரு புரோகிராம் ஓடும்போது அதற்குள் பல த்ரெட்கள், ஒரே வீட்டில் பல ஆட்கள் மாதிரி, ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஒவ்வொன்றும் மெமரியில் எதையாவது எடுக்கும், வைக்கும், தேவை முடிந்ததும் அப்படியே போட்டுவிட்டுப் போகும். இடம் நிரம்பிவிடும். அவ்வப்போது வேண்டாததை அள்ளிவிட்டு, வேண்டியதை ஒதுக்கி அடுக்க வேண்டும். அந்தக் குப்பை அள்ளுகிற எஞ்சினைத்தான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்காக நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். அள்ளும்போது யாரும் எதையும் தொடக் கூடாது. எல்லா த்ரெட்டும் நிற்க வேண்டும். "பெருக்கும்போது எல்லாரும் காலைத் தூக்கிக் கட்டில் மேல வெச்சுக்கோங்க"ன்னு நீ சொல்லுவியே, அதேதான் அம்மா என்றேன். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "இதுக்கா இவ்ளோ படிச்சே?" என்று மட்டும் கேட்டாள்.

அள்ளுவதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம். ஓடுகிற த்ரெட்டைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தினால், எதையோ கையில் பிடித்தபடி பாதி வேலையில் நிற்கும். கையில் இருப்பது வேண்டிய பொருளா, குப்பையா என்று அள்ளுகிறவருக்குத் தெரியாது. தவறி அள்ளிவிட்டால் புரோகிராம் செத்தது. அதனால் நிற்கத் தோதான இடங்களை முன்பே குறித்து வைப்போம். அந்த இடத்தைக் கடக்கும்போது த்ரெட், நிற்க வேண்டுமா என்று தானாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளும். வேண்டும் என்றால் கையில் இருப்பதைக் காட்டிவிட்டு நிற்கும். வேண்டாம் என்றால் ஓடும். ஆனால் பார்ப்பதற்கும் நேரம் செலவாகும். அடிக்கொரு தரம் பார்த்துக்கொண்டே இருந்தால் வேலை எப்போது நடக்கும்? அந்தச் செலவைக் குறைப்பதுதான் ஸ்ரீகண்டன் கையில் இருந்த பொறுப்பு.

வெளியில் சிலர் செய்து பார்த்த ஒரு வழியை அவர் எங்கள் எஞ்சினுக்குக் கொண்டுவந்தார். மெமரியில் ஒரு பக்கத்தைத் தனியாக ஒதுக்கினார். ஒவ்வொரு த்ரெட்டும் போகிற போக்கில் அதைத் தொட்டுவிட்டுப் போகும். எதையும் கேட்காது, ஒப்பிடாது. நிறுத்த வேண்டிய நேரம் வந்தால் அந்தப் பக்கத்தைப் பூட்டிவிடுவோம். அடுத்துத் தொட வருகிற த்ரெட் உள்ளே போக முடியாமல் அங்கேயே நின்றுவிடும். மற்ற நேரத்தில் செலவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. நான் அவருடைய வேலையைச் சோதிக்கிறவள். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த வாரம் நான் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு மேலும் வேகம் வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து கேட்டார்கள். அவர் யோசித்து, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற சில லூப்களுக்கு உள்ளே இருந்த அந்தத் தொடுதலை எடுத்துவிட்டார். எத்தனை தடவை சுற்றும் என்று முன்பே தெரிந்த லூப்கள் அவை. "எண்ணி முடியற லூப்தானே யூனிஸ். எப்படியும் முடிஞ்சிடும். முடிஞ்சப்புறம் வெளியே வந்து தொட்டுக்கும். நடுவுல எதுக்கு?" என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. வேகம் கூடியது. வெளிநாட்டு மேலாளர் பாராட்டி மெயில் அனுப்பினார். எங்கள் லீட் வைத்தீஸ்வரன் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

வீட்டையும் அவர் அந்தக் கணக்கில்தான் நடத்தினார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இந்த ரிலீஸ் முடியட்டும் என்பார். அது எப்போது முடியும் என்று தேதி தெரியும், அதனால் நடுவில் நின்று யோசிக்க வேண்டியதில்லை. அது முடிந்தால் இன்னொன்று. ரமா அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. அரையாண்டுக் கணக்கு முடியட்டும், பிரமோஷன் தேர்வு முடியட்டும் என்பாள். இரண்டு பேரும் நல்லவர்கள். அதுதான் எனக்குக் கோபம்.

ஒரு நாள் கேன்டீனில் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கிழமைல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க யூனிஸ். தலைக்குக் குளிச்சு, நல்ல துணி போட்டு, எனக்காகக் கறி வாங்கி. ஒரு செவ்வாய்க்கிழமை எங்க வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. இளவேனில் ஸ்கூல்ல இருந்து வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாளாம். ரமா சொல்லுவா. நான் பார்த்ததே இல்ல." மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பதைப் பார்க்க ஏங்குகிற மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

2001 தொடக்கத்தில் கடைசியாக ஒரு வாய்ப்பு வந்தது. ரமாவுக்குப் பெங்களூருக்கு மாற்றல் தருகிறோம், ஜூனில் சேர விருப்பமா என்று பேங்கில் கேட்டார்கள். இளவேனில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவதுக்கு முன்னால் மாற்றினால்தான் உண்டு. அதற்குப் பிறகு இங்கே பாடத்திட்டம் வேறு, பொதுத்தேர்வு வேறு, எந்தப் பள்ளியும் எடுக்காது. இந்த ஜூனை விட்டால் அவள் கல்லூரிக்குப் போகும் வரைக்கும் மூன்று பேரும் ஒரு வீட்டில் இருக்க முடியாது. அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நான்தான் ஓடியாடினேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தமிழை இரண்டாம் மொழியாகச் சொல்லித்தருகிற பள்ளி ஒன்று இருந்தது. அங்கே போய்ப் பேசினேன். எங்கள் மாடி காலியாக இருந்தது, அம்மா அதை அவர்களுக்குத் தருவதாகச் சொன்னாள். ஸ்ரீகண்டன் சிவாஜிநகரில் இளவேனிலுக்கு ஒரு படிப்பு மேசை வாங்கி, ஆள் வைத்து மாடிக்கு ஏற்றினார். ஜன்னலுக்குத் திரை வாங்கினார். வேலை முடிந்து பொம்மசந்திராவிலிருந்து அவ்வளவு தூரம் இரண்டு பஸ் மாறி வந்து, மாடியைத் திறந்து, அந்த மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்துவார். மறுநாள் வந்து வெயில் அடிக்கும் என்று இந்தப் பக்கம் நகர்த்துவார். அம்மா டீ கொண்டுபோய்க் கொடுப்பாள். "காலி வீட்டுல தனியா உக்காந்திருக்கார்டி, பாவமா இருக்கு" என்று என்னிடம் வந்து சொல்வாள்.

பள்ளியில் ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். அப்பா, அம்மா இரண்டு பேரும் வர வேண்டும் என்பது தலைமையாசிரியையின் பிடிவாதம். அந்த வாரம் அவர் சேலம் போகவில்லை. ரமா அக்காவும் இளவேனிலும் காலை பஸ்ஸில் வந்து எங்கள் வீட்டில் இறங்கினார்கள். இளவேனில் மாடிக்கு ஓடி, மேசை டிராயரை இழுத்துப் பார்த்து, தன் பேனாப் பெட்டியை உள்ளே வைத்தாள். வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள்.

ஸ்ரீகண்டன் வீட்டில் இல்லை. முந்தின நாள் ஆபீசுக்கு ஒரு புகார் வந்திருந்தது. எங்கள் எஞ்சினை வாங்கிய ஒரு தொலைபேசிக் கம்பெனியில், குப்பை அள்ளத் தொடங்கும்போதெல்லாம் எல்லா வேலையும் அப்படியே உறைந்து நிற்கிறதாம். காலையில் ஓர் எட்டுப் பார்த்துவிட்டு நேரே பள்ளிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போயிருந்தார்.

பத்தரைக்கு நாங்கள் பள்ளிக்குப் போய்விட்டோம். எதிரில் இருந்த பூத்திலிருந்து ஆபீசுக்கு போன் போட்டேன். வைத்தீஸ்வரன் எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"என்னன்னு தெரிஞ்சிருச்சு யூனிஸ். அள்றதுல ஒண்ணும் லேட் இல்ல. அது கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடியுது. எல்லாரும் நிக்கறதுக்குக் காத்திருக்கறதுலதான் அவ்ளோ நேரமும் போகுது. மத்ததெல்லாம் நின்னாச்சு. ஒரே ஒரு த்ரெட் மட்டும் நிக்கமாட்டேங்குது."

"அது நிக்கட்டும், நிக்காம போகட்டும். நீங்க கிளம்பிட்டீங்களா?"

"பத்தே நிமிஷம்."

பதினொன்றுக்கு மறுபடி போட்டேன். அந்த நிற்காத த்ரெட் எதற்குள் இருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். அவரே தொடுதலை எடுத்துவிட்ட லூப். முடிகிற லூப்தான், ஆனால் அந்தக் கம்பெனியில் ஊர் முழுக்கப் பேசிய போன் கால்களை உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருந்தது. எண்ணி முடிப்பதற்குள் மற்ற த்ரெட்கள் எல்லாம் அதற்காகக் கை கட்டி நின்றன. "லூப்பைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, துண்டுக்கு நடுவுல தொட வெச்சா போதும். வேகமும் குறையாது. இதோ எழுதிட்டேன், ஓட விட்டுப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அதை வைத்தீஸ்வரனிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். வைத்தீஸ்வரனுக்கும் கை இருக்கிறது, கீபோர்டும் இருக்கிறது. இதைச் சொல்லி போனில் கத்தினேன். "அஞ்சே நிமிஷம் யூனிஸ்" என்றார்.

திரும்பி வந்தபோது ரமா அக்கா என் முகத்தைப் பார்த்தாள். இளவேனில் பெஞ்சில் உட்கார்ந்து ரிப்பன் நுனியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மற்ற பெற்றோர்கள் ஜோடி ஜோடியாக உள்ளே போய் வந்தார்கள். கடைசியாக இவர்கள் முறை வந்தது. நானும் கூடவே போனேன். இளவேனிலிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள், நன்றாகச் சொன்னாள்.

"ஃபாதர் வரலையா?" என்றார் தலைமையாசிரியை.

"ஆபீஸ்ல அவசர வேலை மேடம்," என்று நான் முந்திக்கொண்டேன்.

அவர் கடுமையான ஆள் என்று பேர். ஆனால் அன்று இளவேனிலைப் பார்த்து மனம் இளகிவிட்டது. "பரவால்ல. திங்கக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. சீட் வெச்சிருக்கேன்," என்றார்.

எனக்கு உயிர் வந்தது. ரமா அக்கா எழுந்து கும்பிட்டாள். "வேண்டாம் மேடம். வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க. இங்க வந்தாலும் நாங்க ரெண்டு பேராத்தான் இருப்போம். அதுக்கு எங்களுக்குச் சேலமே போதும்," என்றாள்.

குரல் உயரவில்லை. பேங்க் கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு, நாளைக்கு வாங்க என்று சொல்வதுபோல் சொன்னாள். வழியெல்லாம் நான் கெஞ்சினேன், அம்மா வீட்டில் கெஞ்சினாள். சாப்பிட்டுவிட்டு மதிய பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். இளவேனில் மாடிக்குப் போய்ப் பேனாப் பெட்டியை எடுத்து வந்தாள். ஸ்ரீகண்டன் ஆட்டோவில் வந்து இறங்கியபோது அவர்கள் ஓசூரைத் தாண்டியிருப்பார்கள். அந்தப் புது மாற்றம் அருமையாக வேலை செய்தது என்று பிறகு வைத்தீஸ்வரன் சொன்னார்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைக்க அதில் ஒன்றும் இல்லை. மாற்றல் வேண்டாம் என்று ரமா திங்கட்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டாள். மறுபடி கேட்டு அவள் பெங்களூர் வந்தது 2005-இல். அந்த வருஷம்தான் இளவேனில் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்தாள். 1991-க்குப் பிறகு மூன்று பேரும் ஒரு வீட்டில் ஒரு மாதம் சேர்ந்து இருந்ததில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது அது இல்லை. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை நடந்ததுதான். அதை அவரும் சொன்னார், ரமா அக்காவும் பின்னால் ஒரு நாள் சொன்னாள்.

அந்த மூன்று நாளும் அவர் போன் செய்தபோதெல்லாம் ரமா, "பரவால்லைங்க. சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார். புதன்கிழமை காலை ஆபீசுக்கு வந்தவர், பையைக்கூட வைக்காமல் வைத்தீஸ்வரனிடம் போய், "நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். லீவா என்று கேட்டதற்குத் தெரியாது என்றார். ரோட்டுக்குப் போய் முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். வேலையை விட்டுவிட்டுச் சேலத்துக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்வதற்காகப் போனார்.

போய்ச் சேர்ந்தபோது வீட்டில் யாரும் இல்லை. தன் சாவியால் திறந்து உள்ளே போனார். கொடியில் பாதி காய்ந்த துணி. சாப்பாட்டு மேசையில் காலையில் குடித்து வைத்த காபி டம்ளர். ஒரு செருப்பு கதவருகில், இன்னொன்று கட்டிலுக்கு அடியில். அவர் இதுவரை பார்த்திராத வீடு. ஒன்றையும் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். அந்தக் கொஞ்ச நேரம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று என்னிடம் சொன்னார்.

சாயங்காலம் இளவேனில் சைக்கிளில் வந்தாள். கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள். உள்ளே அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கையிலிருந்த சைக்கிள் சாய்ந்து விழுந்தது.

"அம்மாவுக்கு என்னாச்சு?" என்று அலறினாள்.

"ஒண்ணும் ஆகலம்மா."

"பொய் சொல்லாதீங்க. அம்மாவுக்கு என்னாச்சு?"

அவர் எழுந்து கிட்டே போனார். அவள் அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போனுக்கு ஓடினாள். அவசரத்தில் நம்பர் தவறிப்போய், இரண்டாம் தடவை போட்டாள். பேங்கில் ரமாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அம்மாவின் குரலைக் கேட்டதும் அழுதாள். "அப்பா வந்திருக்காங்க. என்னன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. நீ வா," என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு அவரைப் பார்த்து, "அப்ப யாருக்கு? சித்தப்பாவுக்கா?" என்று கேட்டாள்.

யாருக்கும் ஒன்றும் இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ரமா ஆட்டோவில் வந்து இறங்கி, வாசலிலேயே நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் முகம் வெளுத்திருந்தது. இளவேனில் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். வேலையை விடுவதைப் பற்றிச் சொல்ல வந்தவர், அதைச் சொல்ல வாயைத் திறக்கவில்லை.

ரமா காபி போட உள்ளே போனாள். இளவேனிலுக்கு அழுகை அடங்கி விக்கல் வந்தது. ஸ்ரீகண்டன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டாள்.

"நிஜமா ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு வந்தீங்க அப்பா?"

"உன்னைப் பாக்கணும்போல இருந்துச்சு."

அவருக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்றுதான் அவள் சொன்னாள்.

"இன்னும் ரெண்டு நாள்தானே அப்பா. வெள்ளிக்கிழமை வந்து பாத்திருக்கலாமே."